ஹால் மூலையில் ஒரு கடல்

தொட்டிக்குள் விட்ட கை முழங்கை வரை காணாமல் போனது. ஸ்டோர்ஸ் சார் பதறிப்போய் வெளியே இழுத்துப் பார்த்தார். ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன. மறுபடி விட்டார். மறுபடி மாயம்.

"என்னங்க, கடல் வைக்கிறேன்னு சொல்லிட்டுப் பால் பண்ணை வச்சிருக்கீங்க?" வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே கேட்டாள் மனைவி.

"புதுத் தண்ணி அப்படித்தான் இருக்கும்."

"மீனு எங்க?"

"உள்ளதான்."

"உள்ள எங்க?"

"கடல்ல மீனு எங்கம்மா இருக்கும்? பீரோவுலயா இருக்கும்?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே அது சரியாகப் படவில்லை.

ஏனென்றால் ஸ்டோர்ஸ் சார், பார்க்காததை இருக்கிறது என்று சொல்லும் ஆள் இல்லை. ஒரு பிஸ்கட் கம்பெனியின் கிடங்கில் முப்பது வருஷம் சரக்கைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வாய்விட்டு எண்ணாமல் ஒரு டப்பாவுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒருமுறை ஒரு பாக்கெட் குறைகிறது என்று கிடங்கின் கதவைப் பூட்டி, முதலாளியையும் உள்ளே வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை எண்ணினார். கடைசியில் அந்தப் பாக்கெட்டை முதலாளியே தின்றிருந்தது தெரிந்தது. மகள் பிறந்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "ஒண்ணுதானே?" என்று நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் முகத்தையே பார்த்தாராம்.

அப்படிப்பட்டவருக்குக் கடல் மேல் ஆசை வந்தது ஒரு கடைவாய்ப் பல்லால். பல் டாக்டரின் வரவேற்பறையில் ஓர் உப்புநீர்த் தொட்டி இருந்தது. அதற்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். பார்த்தார் பாருங்கள், பல்வலி பறந்தது. உள்ளே கூப்பிட்டது காதில் விழவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கிய கன்னத்தோடு போய்க்கொண்டிருக்க, இவர் பல்லோடு வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரு கடல் வேணும்" என்றார்.

வீட்டில் கடல் வைக்க ஒரே இடம்தான் இருந்தது. ஹாலில், ஜன்னலை ஒட்டிய மூலை. அந்த மூலையின் மேல் மனைவிக்குப் பல வருஷத்துக் கண். தெரு முழுக்கத் துணி தைத்துக் கொடுப்பவள் அவள். தையல் மெஷினோ படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டில், வெளிச்சம் எட்டிக்கூடப் பார்க்காத சந்தில் கிடந்தது. போன மாதம் அந்த இருட்டில் ஒருவருடைய கால்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். அவரும் அவசரத்தில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு முயல் மாதிரித் துள்ளித் துள்ளிப் போனதைத் தெருவே பார்த்தது.

"சரி, வச்சுத் தொலைங்க. ஆனா ஒண்ணு. என் வீட்ல ஒரு உயிர் போச்சுன்னா, அன்னைக்கே தொட்டி வெளிய, மெஷின் உள்ள. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"ஒரு செதில்கூட உதிராது பாரு!" என்றார் ஸ்டோர்ஸ் சார்.

தொட்டிக்கடைக்காரர் சாமான்களோடு வந்த அன்றைக்குப் பார்த்து, மிச்சம் வைத்திருந்த பல் தன் வேலையைக் காட்டியது. அதைப் பிடுங்கிக்கொள்ள அவர் ஓட வேண்டியதாயிற்று. மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவர் மைத்துனர் மட்டும்தான். அக்காவைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் கிளம்புவதாக வந்தவர். அது எந்த வருஷத்து இரண்டு நாள் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை.

ஸ்டோர்ஸ் சார் வாய் நிறையப் பஞ்சோடு திரும்பியபோது கடைக்காரர் போய்விட்டிருந்தார். தொட்டி நின்றது, மோட்டார் ஓடியது, உள்ளே வெள்ளை வெளேரென்று தண்ணீர் சுழன்றது. எல்லாம் ஆயிற்றா என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"ஆச்சு அத்தான்! மணலு, கல்லு, உப்பு, மோட்டாரு, ரெண்டு மீனு... ஒண்ணு விடாமப் போட்டுட்டுத்தான் போனாரு. கூடவே நின்னு பார்த்துக்கிட்டேன்ல!" என்றார் மைத்துனர். அவருடைய கன்னத்தில் பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

வாயிலிருந்து பஞ்சு போனதும் ஸ்டோர்ஸ் சார் கடைக்குப் போன் போட்டார்.

"தண்ணி ரொம்பக் கலங்கலா இருக்குங்க."

"புதுசுல அப்படித்தான் சார். மணல் தூசி. நீங்க தொடாதீங்க. உள்ள எதையும் போடாதீங்க."

"எதையுமேவா?"

"எதையுமே! சும்மா விட்டுடுங்க. ஒரு மாசம் ஆனாலும் அவசரப்படாதீங்க. தெளிஞ்சதும் ஒரு போன் அடிங்க, வர்றேன்."

போனை வைத்தபோது ஸ்டோர்ஸ் சாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், ஒரு மாசத்துக்குத் தீனி போடக் கூடாதாம்! மனுஷனா அந்த ஆளு?"

"வியாபாரி அத்தான். இது செத்தாத்தானே அவருக்கு அடுத்த மீனு விக்கும்?"

"அதுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லு!" என்று சூளுரைத்து, சாமான்களோடு கடைக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்த தீனி டப்பாவைத் திறந்தார் ஸ்டோர்ஸ் சார். ஒரு சிட்டிகை தூவினார். அது வெள்ளைக்குள் இறங்கி மறைந்தது. மீன் வாயில் விழுந்ததா, மண்ணில் விழுந்ததா? தெரியவில்லை. முதல் சிட்டிகை தப்பியிருந்தால் என்ன செய்வது என்று இரண்டாவது. இரண்டில் ஒன்றைப் பெரிய மீன் பிடுங்கித் தின்றிருந்தால் சின்னது பட்டினியாயிற்றே என்று மூன்றாவது.

மறுநாள் தண்ணீர் இன்னும் கெட்டியாயிற்று.

"மாத்திடுவோம் அத்தான்" என்றார் மைத்துனர். இருவரும் ஆளுக்கொரு வாளியை எடுத்துக்கொண்டு, தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவே ஹாலைச் சதுப்பு நிலமாக்கினார்கள். பாதி கடலை வெளியேற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றிய பிறகுதான் ஸ்டோர்ஸ் சாருக்கு உறைத்தது.

"உப்பு?"

சமையலறையிலிருந்து இரண்டு கரண்டி வந்தன. ஆளுக்கொரு கரண்டி கடலை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சப்புக் கொட்டினார்கள்.

"எனக்குக் கொஞ்சம் கம்மியாப் படுது."

"ஒரு பிடி போடுவோம்."

போட்டார்கள். கலக்கினார்கள். மறுபடி ருசி பார்த்தார்கள்.

"இப்பத் தூக்கலா இருக்கே அத்தான்?"

"அப்பத் தண்ணி ஊத்து."

"அப்படியே தாளிச்சுக் கொட்டி இறக்கிடுங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதைக் கேட்டுத் திரும்பிய மைத்துனரின் வாளி சாய்ந்து, கடல் கரையைத் தாண்டி, யாரோ ஒருத்திக்காகத் தைத்து மடித்து வைத்திருந்த ஆறு ரவிக்கைகளையும் விழுங்கியது. அதன் பிறகு குரல் வரவில்லை. ஆளே வந்துவிட்டாள். அவள் பேசியதை அப்படியே எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் மைத்துனர் கத்தினார்.

"அத்தான்! பார்த்துட்டேன்! அந்தக் கல்லு பக்கத்துல, ஆரஞ்சா! நின்னு என்னையே பார்த்துச்சு!"

"எவ்வளவு பெருசு?"

மைத்துனர் முதலில் சுண்டுவிரலைக் காட்டினார். அத்தானின் முகம் வாடுவதைக் கண்டு உள்ளங்கையை விரித்தார்.

ஸ்டோர்ஸ் சார் கண்ணாடியில் மூக்கு சப்பையாகும் வரை குனிந்து பார்த்தார். தெரிந்தது தன் மூக்கு மட்டும்தான். ஆனால் நேற்று வரை சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கண் திறந்த மைத்துனருக்குத் தெரிந்தது, முப்பது வருஷம் சரக்குப் பார்த்த தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிட, பின்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிற மனைவியின் காதில் அது விழுந்தால் மெஷின் அந்த நிமிஷமே நடந்து வந்துவிடாதா?

"ஆமா ஆமா. வாலு ஆடுது" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.

அடுத்து, மாடியில் குடியிருக்கும் ஓவிய வாத்தியார். தினமும் காலையில் இவர்கள் வீட்டுப் பேப்பரை இவர்களுக்கு முன்னால் படித்துவிடுவதற்காகவே இறங்கி வருகிறவர். அவரையும் தொட்டி முன் நிறுத்தினார்கள்.

"தெரியுதா வாத்தியாரே?"

வாத்தியார் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, அளவு பார்த்தார். பார்வையையே தொழிலாக வைத்திருந்தவர், இரண்டு சாமானியர்கள் பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று சொல்வாரா?

"ரெண்டு பேரும் இருக்காங்களே! ஒருத்தர் பெரியவர், ஒருத்தர் சின்னவர். பெரியவருக்கு மட்டும் லேசா மாறுகண்ணு. கலைஞன் கண்ணுக்குத்தான் படும். படம் ஒண்ணு எழுதித் தர்றேன் சார்."

பெயரும் வைத்தாயிற்று, உறவும் வந்தாயிற்று. அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. பெரியவர் மோட்டாருக்குப் பின்னால் ஓய்வெடுக்கிறார், சின்னவர் குறும்பு, ஒருநாள் பெரியவர் கோபித்துக்கொண்டு மூலையில் திரும்பி நின்றதை மைத்துனர் நேரில் பார்த்தார். கடைசியில் மனைவியே, "காலைல பெருக்குறப்ப சின்னவரு வந்து எட்டிப் பார்த்தாரு, பாவம், இளைச்சுட்டாரு" என்றாள். ஸ்டோர்ஸ் சாருக்கு உள்ளுக்குள் குமுறியது. வீட்டில் எல்லாருக்கும் தரிசனம் தருகிற மீன்கள், வாங்கி வந்த தனக்கு மட்டும் முகம் காட்டவில்லையே! அதனால் அவரும், "என் விரல் நுனியில வந்து தீனி வாங்கித் தின்னுது" என்று ஒரே போடாகப் போட்டார். எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேச முடியும்?

இளைத்துவிட்டார் என்ற சொல் மட்டும் எல்லார் மனதையும் அறுத்தது. அன்று முதல் தீனி டப்பாவுக்கு ஓய்வே இல்லை. ஸ்டோர்ஸ் சார் வேளை தவறாமல் தூவினார். அவர் குளிக்கப் போனதும் மைத்துனர் தூவினார். பேப்பர் மறைவில் வாத்தியார் ஒரு சிட்டிகை. அறைக்கும் அடுப்பங்கரைக்கும் போகிற போக்கில் மனைவி ஒரு சிட்டிகை. மற்றவர்கள் கவனிப்பதில்லை, தன்னால்தான் அந்த ஜீவன்கள் உயிரோடு இருக்கின்றன என்று ஒவ்வொருவருக்கும் எண்ணம். டப்பா தீர்ந்தது. ஸ்டோர்ஸ் சார் வேறு கடையில் பெரிய டப்பாவாக வாங்கி வந்தார். அதுவும் தீர்ந்தது.

"தீனி தீருதுன்னா தின்னுதுன்னுதானே கணக்கு? நல்லாப் பசி எடுக்குது. உடம்பு ஆரோக்கியமா இருக்கு" என்று கிடங்குக் கணக்குப்படி நிரூபித்தார்.

உடம்பு ஆரோக்கியம், சரி. தண்ணீர்தான் கஞ்சியாகி, கஞ்சியிலிருந்து களியாகிக்கொண்டிருந்தது. மெல்ல ஒரு வாடையும் கிளம்பியது. மனைவி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தைத்தாள். அவள் கண் மூலையையும் ஜன்னலையும் மாறி மாறி அளந்தது.

"படிகாரம்!" என்றார் மைத்துனர், முகம் மழிக்கும்போது ஞானம் பிறந்து. பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து, கையிலிருந்த கட்டியைத் தொட்டியில் சுழற்றினார். தண்ணீர் தெளியவில்லை. திரிதிரியாகத் திரிந்து, பஞ்சு மெத்தையைக் கிழித்துப் போட்ட மாதிரி ஆயிற்று.

"வடிகட்டிட்டாப் போச்சு" என்றார் ஸ்டோர்ஸ் சார். தன் பழைய பனியனை மோட்டாரின் வாயில் கட்டினார். மோட்டார் கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் பனியனைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு தோள்பட்டையை விழுங்கியது, விக்கியது, செருமியது. அடுத்த நொடி விட்டம் வரை ஒரு நீரூற்றைப் பீய்ச்சியது. எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார் தலையிலிருந்து கால் வரை நனைந்து, கையில் கூழாகிப்போன உலகச் செய்திகளோடு எழுந்து மாடிக்குப் போனார்.

அதற்கு மறுநாள் காலை. ஸ்டோர்ஸ் சார் பல் தேய்த்துவிட்டு வரும்போது, மனைவி கை கழுவிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இப்படி உக்காருங்க."

"ஏன்?"

"உக்காருங்கன்னா உக்காருங்க. பெரியவரும் சின்னவரும் போயிட்டாங்க."

ஸ்டோர்ஸ் சார் உட்கார்ந்தார். நாற்காலி இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது. தரையில்தான் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருமே. விடியக்காலைல வந்து பார்க்கிறேன், ஜோடியா மேல மிதக்குறாங்க. நீங்க பார்த்தா மனசு தாங்காதேன்னு நானே எடுத்து, வாசல்ல குரோட்டன்ஸ் தொட்டியில புதைச்சுட்டேன்."

ஸ்டோர்ஸ் சார் மெதுவாக எழுந்தார். சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியோடு வந்தார்.

"எங்க போறீங்க?"

"ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன். ரெண்டுதானான்னு..."

"புதைச்சதைத் தோண்டுவீங்களா? ஏங்க, அப்ப என் வார்த்தை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தக் கணவனிடமும் இரண்டாவது பதில் கிடையாது. கரண்டி போன வழியே திரும்பிப் போனது.

வீடு துக்க வீடாயிற்று. "நேத்து சாயங்காலம்கூட என்னைப் பார்த்து வாலாட்டுனாரே சின்னவரு" என்று மைத்துனர் மூக்கைச் சிந்தினார். வாத்தியார் கோபத்தை மறந்து இறங்கி வந்தார். எழுதி முடித்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டு ஆரஞ்சு உருவங்கள், ஒன்றுக்கு லேசான மாறுகண். "அசல் பெரியவர்!" என்று மைத்துனர் விம்மினார். தொட்டிக்கு மேல் சுவரில் மாட்டினார்கள். ஸ்டோர்ஸ் சார் வாசலுக்குப் போய், குரோட்டன்ஸ் தொட்டியின் முன்னால் தலை குனிந்து நின்றார். தெருவில் போன தபால்காரர், செடிக்கு என்ன நோயோ என்று அவரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"எல்லாம் என்னாலதான். படிகாரத்தைப் போட விட்டும் பனியனைக் கட்டியும் நானே கொன்னுட்டேன்" என்றார் மனைவியிடம். "சொன்னா சொன்னபடி. நீ மெஷினைக் கொண்டா."

மெஷின் வந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் கொட்டியது. அவள் சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. கணவனின் முகத்தைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், தப்பான இடத்தில் பொத்தான் தைத்தாள். ஆசாரி வீட்டம்மாளின் ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்தாள்.

"தொட்டி பாட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டுமேங்க" என்றாள் மூன்றாம் நாள், நூலைக் கடித்துக்கொண்டே. "மெஷினை ஒதுக்கிப் போட்டாப் போச்சு. வெறும் தொட்டிதானே, ஓரமா இருந்துட்டுப் போகட்டும். வேணும்னா ஒரு திரை தச்சுத் தர்றேன்."

இவள் அல்லவா மனுஷி என்று நினைத்துக்கொண்டார் ஸ்டோர்ஸ் சார். "வேண்டாம்மா. பேச்சு பேச்சுதான். கடைக்காரரையே எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிடறேன்."

மோட்டாரிலிருந்து பனியனை உருவியதோடு சரி, தொட்டியின் பக்கமே யாரும் போகவில்லை. தீனியும் இல்லை, கரண்டியும் இல்லை, கட்டியும் இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. களி கஞ்சியாயிற்று. கஞ்சி நீர்த்தது. ஒருநாள் காலையில் ஸ்டோர்ஸ் சார் ஹாலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மணலை ஒவ்வொன்றாக எண்ணலாம். கல்லின் மேலிருந்த புள்ளிகூடத் தெரிந்தது. காலை வெயில் தொட்டியை ஊடுருவி எதிர்ச்சுவரில் அலை அலையாக ஆடியது. அவர் கேட்ட கடல் அதுதான். அதில் இருக்க வேண்டியவர்கள்தான் இல்லை.

"அவங்க போன பிறகா தெளியணும்?" என்றார் மைத்துனர். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போனாள்.

ஸ்டோர்ஸ் சார் கடைக்குப் போன் போட்டார்.

"தண்ணி... தெளிஞ்சிடுச்சுங்க." சுவரில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ஒரு தடவை வந்துட்டுப் போங்க."

"அடடே! இதோ வந்துட்டேன் சார்!"

எதற்கு இவ்வளவு குஷி என்று அவருக்குக் கசந்தது. சொன்னபடியே கடைக்காரர் வந்தார், கையில் மூடி போட்ட ஒரு வாளியோடு. தண்ணீரை இறைத்துக்கொண்டு போகத்தான் வாளி போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். சுவரில் படம், படத்துக்குக் கீழே தொட்டி, தொட்டிக்கு ஒரு பக்கம் வாத்தியாரும் மைத்துனரும், மறுபக்கம் மெஷினைப் பிடித்துக்கொண்டு மனைவி. ஸ்டோர்ஸ் சார் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லிடணும்..."

கடைக்காரர் காதில் வாங்கவில்லை. தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, கண்ணாடியைத் தட்டி, குனிந்து, நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். வாளியின் மூடியைத் திறந்தார்.

"அன்னைக்கு வெறும் தண்ணிய நிரப்பி வச்சுட்டு, 'தெளிஞ்ச பிறகுதான் மீனு கொண்டாருவேன்'னு உங்க மச்சான்கிட்டச் சொல்லிட்டுப் போனேன், வேற வீடா இருந்தா நாலாம் நாளே மீனு எங்க, மீனு எங்கன்னு என் உசிரை எடுத்திருப்பாங்க, ஒரு வார்த்தை கேக்காம இத்தனை நாளும் காலித் தொட்டியைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்த குடும்பத்தை நான் இப்பத்தான் சார் பார்க்கிறேன்... இந்தாங்க, பிடிங்க உங்க ரெண்டு மீனை!"